பனி யார் அப்பன் வீட்டுச் சொத்து?

குளிர்கால ஒலிம்பிக் வந்துவிட்டால் போதும், நம் புலனக் குழுக்களில் பழைய நகைச்சுவை ஒன்று மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும். தொடக்க விழாவில் தடித்த கோட்டு போட்ட இரண்டு பேர் மலேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். அடுத்த நிமிடமே யாராவது ஓர் அண்ணன் எழுதுவார்: “இவன் எங்க பழகினான்? ஐஸ் கச்சாங் கடையிலயா?” கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். போட்டி முடிந்து, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் நம் ஆளின் பெயர் இருந்தால் இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும்: “நான்தான் சொன்னேன்ல? அதெல்லாம் நமக்கு எதுக்கு?”

ஐஸ் கச்சாங்குக்குச் சிரிக்கலாம், தப்பில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது.

முதலில் தகவலைச் சரியாக வைத்துக்கொள்வோம். மலேசியா முதன்முதலில் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 2018இல், தென்கொரியாவின் பியோங்சாங்கில். இரண்டே பேர் போனார்கள். மலைச்சரிவில் இறங்கும் அல்பைன் பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீ. 2022 பெய்ஜிங்கிலும் இரண்டே பேர், இந்த முறை இருவருமே பனிச்சறுக்கு வீரர்கள்: அதே வெப், அவரோடு அருவின் சாலேஹுடின் என்கிற பதின்ம வயதுப் பெண். குளிர்கால ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் மலேசியப் பெண் அவர்தான். மூன்று கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டிலிருந்து இரண்டு பேர். மற்ற எதில் எப்படியோ, இந்த விளையாட்டில் நாம் ஒரு சின்ன நாடு.

இவர்கள்மேல் நம்மவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு மூன்று. நம் நாட்டில் பனியே இல்லை. இவர்கள் உண்மையில் நம் ஆட்களே இல்லை. போயும் கடைசியில்தான் வருகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பனியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குளிர்தான் எனக்குச் சோறு போடுகிறது. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த இயந்திரவியல் பொறியாளன். மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர் அறைகளை வடிவமைப்பது என் வேலை. வெளியே 33 டிகிரி வெயில் காயும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கழித்தல் 20ஐ நிலைநிறுத்துவதில் மாயம் ஒன்றும் இல்லை. கம்ப்ரசர், குளிரூட்டித் திரவம், சுவருக்குள் தடித்த காப்பு, மாதக் கடைசியில் மின்கட்டணம். அவ்வளவுதான்.

ஒலிம்பிக் பனியும் இன்று ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் அல்பைன் போட்டிகள் நடந்த யென்ச்சிங் மலை, குளிர்காலத்தில் கடுங்குளிர் அடிக்கும், ஆனால் பனிப்பொழிவு மிகக் குறைந்த வறண்ட மலை. அங்கே வீரர்கள் சறுக்கியது கிட்டத்தட்ட முழுக்கச் செயற்கைப் பனியில். தண்ணீரை உயர் அழுத்தத்தில் நுண்துளிகளாகப் பீய்ச்சி, அழுத்தக் காற்றோடு கலந்து வானத்தை நோக்கி ஊதுவார்கள். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை கழித்தல் 2 டிகிரி அளவுக்கு இறங்கிவிட்டால், துளி தரையைத் தொடும் முன்பே உறைந்துவிடும். ஆக, குளிர்க்காற்றை மட்டும் இயற்கை கொடுத்தது. பனியைக் கொடுத்தது பம்பும் குழாயும் மின்சாரமும். 2005இலிருந்து பாலைவன நகரமான துபாயில், ஒரு பேரங்காடிக்குள்ளேயே பனிச்சறுக்குச் சரிவு இயங்குகிறது. அங்கே அந்தக் குளிர்க்காற்றும் இயந்திரத்திலிருந்து வருவதுதான்.

“அதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் சமாச்சாரம்” என்பீர்கள். சரி, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கும் ஸ்னோபோர்டிங்கும் நடந்த இடத்தின் பெயர் தெரியுமா? கெந்திங் ஸ்னோ பார்க். ஆமாம், அதே கெந்திங். நாம் சின்ன வயதில் பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறிய மலையை உருவாக்கிய லிம் கோ டோங்கின் மகன் சீனாவின் சாங்ஜியாகோவ் பகுதியில் கட்டிய பனிச்சறுக்கு விடுதி அது. மலேசியர் ஒருவர் கட்டிய சரிவில் உலகம் ஒலிம்பிக் பதக்கத்துக்குச் சறுக்கியிருக்கிறது. அப்போது நம் குழுக்களில் யாரும் “பனியே இல்லாத நாட்டுக்காரனுக்கு எதுக்குப் பனிச்சறுக்கு விடுதி?” என்று கேட்டதாக நினைவில்லை. முதலீடு பனியில் இறங்கினால் அது தொலைநோக்கு. பிள்ளை இறங்கினால் கோமாளித்தனம். என்னய்யா நியாயம் இது?

அடுத்தது, “இவங்க நம்ம ஆளே இல்ல” என்கிற பேச்சு. வெப்பும் அருவினும் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்கள், உண்மைதான். வேறு எங்கே பெறுவார்கள், காஜாங்கிலா? சரிவு இல்லாத நாட்டின் பனிச்சறுக்கு வீரர் சரிவு இருக்கிற நாட்டில்தான் வளர்ந்தாக வேண்டும்.

நம் பக்கத்து நாடான திமோர் லெஸ்தேவைப் பாருங்கள். 2002இல் விடுதலை பெற்ற நாடு. அதன் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர் யோஹான் கூட் கொன்சால்வெஸ், பிரெஞ்சுத் தந்தைக்கும் திமோர் தாய்க்கும் பிரான்சில் பிறந்தவர். அம்மாவின் நாட்டுக்கு ஒரு பனிச்சறுக்குச் சங்கத்தை உருவாக்கி, 2014 சோச்சி, 2018, 2022 என்று மூன்று ஒலிம்பிக்கில் அந்தக் கொடியோடு நின்றார். சோச்சியில் ஸ்லாலம் போட்டித் தடம் கொடூரமாக அமைந்திருந்தது. நூறு பேருக்கு மேல் தொடங்கி, பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்தோ, கம்பத்தைத் தவறவிட்டோ வெளியேறிவிட்டார்கள். அவர் இரண்டு ஓட்டங்களையும் முடித்து 43ஆம் இடத்தில் வந்தார்.

“அவங்கள விடு, உண்மையான பனி நாட்டப் பாரு” என்பவர்களுக்கு லிக்டன்ஸ்டைன். ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் சுமார் 40,000 பேர் வாழும் நாடு. நம் ஊர்ப் பெரிய தாமான் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அந்தக் கூட்டம் வந்துவிடும். குளிர்கால ஒலிம்பிக்கில் அவர்கள் வாங்கியது 10 பதக்கம், பத்துமே அல்பைன் பனிச்சறுக்கில். அதில் 7 பதக்கம் ஒரே குடும்பத்துக்கு: ஹன்னி வென்சலுக்கு நான்கு (1980 லேக் பிளாசிட்டில் வாங்கிய இரண்டு தங்கம் உட்பட), தம்பி ஆண்ட்ரியாசுக்கு இரண்டு, மகள் டீனா வைராதருக்கு 2018இல் ஒன்று. இந்த ஹன்னி வென்சல் ஜெர்மனியில் பிறந்தவர். குழந்தையாக லிக்டன்ஸ்டைனுக்கு வந்தார். 1974இல் உலகப் போட்டியில் வென்ற பிறகுதான் அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமையே கிடைத்தது. அங்கே யாரும் அவரை இரவல் வீராங்கனை என்று சொல்வதில்லை. ஜெயித்தவருக்கு ஊர் கேட்க மாட்டோம். தோற்றவரிடம்தான் பிறப்புப் பத்திரத்தைக் கேட்போம்.

லிக்டன்ஸ்டைன் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பனிச்சறுக்கில் சின்ன நாடு, பெரிய நாடு என்பதைத் தலை எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. 55 லட்சம் பேர் கொண்ட நார்வே 2022இல் 16 தங்கம் வாங்கியது. வீட்டுக்குப் பக்கத்தில் சரிவு, சரிவில் ஏற்றிவிடும் லிஃப்ட், பள்ளி முடிந்ததும் கூட்டிப்போக ஒரு பயிற்சியாளர். இவை இருந்தால் ஒரு குடும்பமே ஒரு நாட்டின் பதக்கப் பட்டியலை நிரப்பிவிடும். இல்லையென்றால் முப்பது நாற்பது கோடி மக்கள் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டு: “கடைசியா வந்தான்.”

இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். அல்பைன் ஒலிம்பிக்கில் யார் வேண்டுமானாலும் போய் நிற்க முடியாது. அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு, எஃப்.ஐ.எஸ்., ஒவ்வொருவருக்கும் புள்ளி போடுகிறது. புள்ளி குறையக் குறைய நீங்கள் கெட்டிக்காரர். வென்றவரின் நேரத்தால் உங்கள் நேரத்தை வகுத்து, ஒன்றைக் கழித்து, வரும் எண்ணை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். ஸ்லாலத்துக்கு அண்மைக் காலப் பெருக்கெண் 730. அதோடு அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களின் தரத்துக்கேற்ப அபராதப் புள்ளி சேரும். வலுவான ஆட்கள் இருந்தால் அபராதம் குறைவு, நோஞ்சான் பந்தயம் என்றால் அதிகம்.

சின்ன நாடுகளின் வீரர்களுக்குச் சோச்சியில் இருந்த வரம்பு, ஐந்து பந்தயங்களின் சராசரி 140 புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது. 140ஐ 730ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.19. உலகத்தின் முதல் வரிசை வீரரைவிட அதிகபட்சம் 19 விழுக்காடு மெதுவாக இருக்கலாம், அதற்கு மேல் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இதை நமக்குத் தெரிந்த விளையாட்டுக்கு மாற்றுகிறேன். உசேன் போல்ட்டின் 100 மீட்டர் சாதனை 9.58 வினாடி. அதைவிட 19 விழுக்காடு மெதுவாக என்றால் 11.4 வினாடி. ஐஸ் கச்சாங் நகைச்சுவையை அனுப்பிய அண்ணன்மார் திடலுக்கு வந்து 100 மீட்டரை 11.4இல் ஓடிக் காட்டட்டும், நானே தே தாரேக் வாங்கித் தருகிறேன். மாவட்டப் போட்டியில் பள்ளிக்கூடமே எழுந்து நின்று கைதட்டும் வேகம் அது. அதுவும் ஓடுபாதையில் இல்லை. உறைந்த சரிவில், கண் இமைப்பதற்குள் வந்துவிழும் கம்பங்களுக்கு நடுவே.

தொலைக்காட்சி சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. முதல் ஓட்டத்தில் புள்ளி வரிசைப்படிதான் இறங்க வேண்டும். முதலில் இறங்கும் நட்சத்திரங்களுக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பான தடம். ஒவ்வொருவரும் திரும்பும் இடத்தில் பனி அரிபட்டு, எண்பதாவது ஆள் இறங்கும்போது கம்பத்தைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். சின்ன நாட்டுக்காரர் சறுக்குவது அந்தப் பள்ளத்தில். ஒரே போட்டி, ஒரே சரிவு என்று நினைத்துக்கொண்டுதான் நாம் நேரத்தை ஒப்பிட்டுச் சிரிக்கிறோம்.

எதிர்த்தரப்பிடம் இருப்பதிலேயே வலுவான உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. வனேசா மே. உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர், சிங்கப்பூரில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்தவர். தந்தை தாய்லாந்துக்காரர் என்பதால் 2014 சோச்சியில் வனகோர்ன் என்ற பெயரில் தாய்லாந்துக்காகச் சறுக்கினார். ஜயன்ட் ஸ்லாலத்தில் முடித்தவர்களில் கடைசி, 67ஆம் இடம். வென்ற டீனா மாஸேவைவிட 50.10 வினாடி பின்னால். பிறகு தெரியவந்தது என்னவென்றால், அவரைத் தகுதிபெறச் செய்த சுலோவேனியப் பந்தயங்களே ஒழுங்காக நடந்தவை அல்ல. எஃப்.ஐ.எஸ். அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் தடையை நீக்கியது, அவரே மோசடி செய்தார் என்பதற்குச் சான்று போதாது என்று சொல்லி. ஆனால் அந்தப் பந்தயங்களின் முடிவை ரத்து செய்தது சரிதான் என்றும் சொன்னது.

இதிலிருந்து “பாத்தியா, எல்லாம் பணக்காரன் விளையாட்டு, வாசல மூடு” என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை அப்படி மூடியும் பார்த்தார்கள். 1988 கால்கரியில் பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸ் பனித்தாவலில் கடைசியாக வந்து, முதலில் வந்தவர்களைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். அந்த எரிச்சலில் 1990இல் கதவை இறுக்கினார்கள்: அனைத்துலகப் போட்டிகளில் முதல் 30 விழுக்காட்டிலோ முதல் 50 பேரிலோ இருந்தால்தான் உள்ளே. கதவை இறுக்கினால் அடிபடுவது யார்? காசுள்ளவர் நல்ல பயிற்சியாளரை வைத்து எப்படியும் நுழைவார். வெளியே நிற்பது எடி மாதிரி கடன் வாங்கிச் சறுக்குகிறவர்கள். புள்ளி விற்கிற கடையை மூடுங்கள், அதை நடத்தும் அதிகாரிகளைப் பிடியுங்கள். ஒழுங்காக 140க்குள் வந்தவனின் முகத்தில் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

கேலி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்தத் திட்டு என்று நினைக்காதீர்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, நெகிழ்கிற கூட்டம். கென்யாவின் பிலிப் போயிட் கதையை ஒவ்வொரு ஒலிம்பிக்கின்போதும் கண்ணீர் பொம்மையோடு பகிர்வார்கள். 1998 நகானோவில் 10 கிலோமீட்டர் சமவெளிப் பனிச்சறுக்கு. நார்வேயின் பியோர்ன் டேலி 27 நிமிடச் சொச்சத்தில் தங்கம் வாங்கினார். போயிட் 47 நிமிடம் எடுத்து 92ஆவதாக, கடைசியாக வந்தார். இருபது நிமிடம் காத்திருந்து டேலி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அருமையான காட்சிதான். போயிட் தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார்.

ஆனால் பகிர்கிறவர்கள் அந்தக் கட்டிப்பிடிப்போடு கதையை முடித்துவிடுகிறார்கள். போயிட் ஒரு 800 மீட்டர் ஓட்டக்காரர், 1996இல் பின்லாந்துக்குப் போனபோதுதான் முதன்முதலில் பனியைப் பார்த்தார், அவரை அங்கே அனுப்பியது நைக்கி நிறுவனத்தின் பணம், கேமராக்கள் கலைந்த பிறகும் 2002, 2006 ஒலிம்பிக்குகளுக்குத் திரும்பி வந்தார் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. “பாவம், கடைசியில வந்தாலும் முடிச்சான் பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். பாவம் என்று சொல்லிவிட்டால் அவர் இரண்டு ஆண்டில் கற்ற நுட்பத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஐஸ் கச்சாங் அண்ணனும் கண்ணீர் பொம்மை அக்காவும் சேர்ந்து நம்புவது ஒன்றைத்தான்: இது இவனுக்கான இடமில்லை.

நான் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் பனிச்சறுக்கு மட்டும் இல்லை. “அதெல்லாம் நமக்கு எதுக்கு” என்கிற வாக்கியம் ஒலிம்பிக்கின்போது மட்டும் வருவதில்லை. நம் வீடுகளில் தினமும் வருகிறது. பிள்ளை வயலின் வேண்டுமென்றால் வரும். விமானியாக வேண்டும் என்றால் வரும். முதுகலைக்கு வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன் என்றால் வரும். வேலை தேடிய காலத்தில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், “லோக்கல் கிராட்தானா? குளிர்ப்பதன வடிவமைப்பெல்லாம் வெளியில படிச்சவங்க பாக்குற வேலை, நீங்க பராமரிப்புப் பக்கம் போயிடுங்களேன்” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். புலனக் குழுவில் வருகிற அதே வாக்கியம்தான், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தது.

பனியையே எடுத்துக்கொண்டால், நம்மவர்களுக்கு அது அந்நியம் என்று சொல்ல நமக்கே உரிமையில்லை. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகன்தாசும். இரண்டு தமிழர்கள். அவர்கள் வீட்டு வாசலில் பனி பெய்ததா? இல்லையே. நாடு ஒரு குழுவை அமைத்தது, பயிற்சி கொடுத்தது, அனுப்பியது. வாய்ப்புக் கிடைத்தது, ஏறினார்கள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் பெயரைப் பொது அறிவுக் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்தப் பெயர்களுக்கு என்ன பொருள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

“அப்ப தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பனிமலை கட்டித் தரணுமா?” என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பல தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒழுங்கான திடலே இல்லை, எனக்கும் தெரியும். நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். இந்த விளையாட்டுக்கு என்ன செலவாகிறது, யார் கொடுக்கிறார்கள், யாரை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதைச் சங்கங்கள் பொதுவில் வைக்கட்டும். ஆண்களுக்கு ஸ்லாலம் சறுக்குப் பலகை குறைந்தது 165 சென்டிமீட்டர், ஜயன்ட் ஸ்லாலத்துக்கு 193. அதாவது இரண்டு போட்டிக்கும் வேறு வேறு சோடி வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் காலணி, லிஃப்ட் கட்டணம், பயிற்சியாளர், விமானச் சீட்டு. இந்தக் கணக்கைக் கண் முன்னால் வைத்தால்தான், வெளிநாட்டில் வளர வசதி அமைந்த பிள்ளைகள் மட்டும் ஏன் நம் கொடியைப் பிடிக்கிறார்கள் என்ற கேள்வி பிறக்கும். அது நியாயமான கேள்வி. அதைக் கேட்க வேண்டியது அமைச்சிடமும் சங்கங்களிடமும். மணிக்கணக்கில் சரிவில் விழுந்து எழுந்த பதினேழு வயதுப் பெண்ணிடம் இல்லை.

பனிச்சரிவு இல்லாவிட்டாலும் இங்கே பேரங்காடிகளில் ஐஸ் தளங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு தளத்தில் பழக ஆரம்பித்த ஜூலியன் யீ 2018 ஒலிம்பிக்கின் குறும்பகுதியில் 25ஆவதாக வந்தார். அடுத்த சுற்றுக்குப் போனது 24 பேர். ஒரே ஓர் இடம். பேரங்காடியில் தொடங்கி அந்த இடம் வரைக்கும் போக முடிந்திருக்கிறது. பள்ளி முடிந்த பிற்பகலில் அந்தத் தளங்களில் பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க என்ன தடை? ஸ்கேட்டிங் காலணி வாடகைக்குக் காசில்லாதவன் திறமையில்லாதவன் ஆகிவிட மாட்டான்.

அடுத்த முறை மலேசியக் கொடியோ திமோர் கொடியோ பட்டியலின் கடைசிப் பக்கத்தில் தெரிந்தால், கேலி செய்யும் முன் கூடவே இருக்கிற நேரத்தையும் பாருங்கள், வென்றவரின் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் “அதெல்லாம் நமக்கு எதுக்கு” என்று மட்டும் எழுதாதீர்கள். குழுவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.